கிணற்று அளவுகளை செனோடோவில் சேர்த்து வைத்த அனுபவம்

கேரளத்தின் பாலக்காடு மாவட்டம், சித்தூர் வட்டாரத்தில் கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரப்பதி பக்கம் தண்ணீர்க் கணக்கு சாதாரண விஷயமில்லை. நிலத்தடி நீரை அளவுக்கு மீறி எடுக்கும் வட்டாரம் என்று மத்திய நிலத்தடி நீர் வாரியமே முன்பு சித்தூரைக் குறித்திருந்தது. எங்கள் அரசு நிறுவனத்தில் ஏப்ரலிலும் நவம்பரிலும் இங்குள்ள தோட்டத்துக் கிணறுகளின் நீர்மட்டத்தை அளக்கிறோம். பழைய அளவுகள் பீரோவில் நோட்டுகளாகவும், மாற்றலாகிப் போனவர்களின் பென்டிரைவிலும் கிடந்தன. அவற்றைச் சில வருடங்களாக செனோடோவில் ஏற்றி வருகிறேன்.

ஜெனீவாவின் சேர்ன் ஆய்வகம் 2013 முதல் ஆய்வுத் தரவுகளுக்காக நடத்தும் இலவச இணையச் சேமிப்பகம் அது. ஒரு பதிவுக்கு 50 ஜிபி வரை இடம். எங்களுக்கு அதில் ஒரு மூலைகூடத் தேவைப்படவில்லை.

எனக்கு மிகவும் பிடித்தது அதன் கண்டிப்பு. வெளியிட்ட கோப்பை நம் இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. திருத்தினால் புதிய பதிப்பு, அதற்குத் தனி டிஓஐ எண் (கட்டுரைகளில் மேற்கோள் காட்ட உதவும் நிரந்தர அடையாள எண்). பழையதும் அப்படியே இருக்கும். எப்போதும் கடைசிப் பதிப்புக்குக் கொண்டுபோகும் பொது எண் ஒன்றும் உண்டு. ‘பைனல்’, ‘பைனல் நியூ’ என்று கோப்புகள் பெருகும் அலுவலகத்தில் இது பெரிய நிம்மதி. எங்கள் தரவை எடுத்த ஆய்வு மாணவர் எந்தப் பதிப்பை எடுத்தார் என்பது அவர் கட்டுரையிலேயே தெரிந்துவிடுகிறது.

ஆனால் நாம் ஏற்றும் எண்ணுக்கு என்ன அர்த்தம் என்று செனோடோவில் யாரும் சரிபார்க்க மாட்டார்கள். அது நம் பொறுப்பு. வடகரப்பதியில் ஒரு கிணற்றில் திடீரென்று முக்கால் மீட்டர் நீர் இறங்கியதாகக் கணக்கு காட்டியது. பக்கத்துக் கிணறுகளில் அப்படி எதுவும் இல்லை. ஓய்வு பெற்ற களப்பணியாளர் அண்ணனிடம் கேட்டேன். “தம்பி, அந்த வருஷம் தோட்டக்காரர் சுத்துச்சுவரை உசத்திக் கட்டிட்டாரு. டேப்பை அது மேல வச்சுத்தான் விட்டோம்” என்றார். நீர் இறங்கவே இல்லை, சுவர்தான் ஏறியிருக்கிறது. அவரைக் கேட்காமல் விட்டிருந்தால், நடக்காத வறட்சி ஒன்று பத்திரமாகப் பாதுகாக்கப்பட்டிருக்கும்! இப்போது ஒவ்வொரு கிணற்றுக்கும் டேப் வைத்த இடம், தரையிலிருந்து அதன் உயரம், அது மாறிய தேதி, ஒரு போட்டோ எல்லாம் விளக்கக் கோப்பில் சேர்கின்றன. ஏற்றுவதற்கு அரை மணி நேரம் போதும். இதற்குத்தான் மாதக்கணக்கில் ஆகிறது.

அப்புறம் சில நடைமுறை விஷயங்கள். எல்லாவற்றையும் சிஎஸ்வியாக, அதாவது காற்புள்ளியால் பிரித்த எளிய உரைக் கோப்பாக, வைக்கிறேன். ‘3-2’ என்று கிணற்று எண் இருந்தால் ஸ்பிரெட்ஷீட் அதைத் தேதியாக்கிவிடும். முன்னால் ஓர் எழுத்தைச் சேர்த்துவிடுங்கள். தோட்டக்காரர்களின் பெயரும் கிணற்றின் துல்லியமான இடமும் பொதுவில் போகக் கூடாது. அவற்றைத் தனிப் பதிவாக்கி, கோப்புகளை மட்டும் பூட்டி வைக்கலாம். அலுவலக சர்வரில் ஒன்று, வேறு கட்டடத்தில் ஒன்று என இரண்டு பிரதிகளும் இருக்கின்றன. செனோடோ பக்கத்தில் ஒவ்வொரு கோப்புக்கும் காட்டும் எம்டி5 எண்ணோடு (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும், கைரேகை போன்ற எண்) அவற்றை ஒப்பிட்டால், கோப்பு கெட்டிருந்தால் தெரிந்துவிடும்.

மத்திய அரசு நிறுவனத்தில் இருப்பவர்கள் அனுமதி கேட்கப் போகும்போது 2012-ன் தேசியத் தரவுப் பகிர்வு, அணுகல் கொள்கையைக் கையோடு எடுத்துப் போங்கள். பேச்சு சுலபமாகும்.

பழைய நோட்டுகள் இன்னும் பாக்கி. டேப்பை எங்கே வைத்தார்கள் என்று அண்ணனுக்கும் நினைவில்லாத கிணறுகளுக்கு ஊகித்து எண் போடுவதில்லை. ‘தெரியவில்லை’ என்றே எழுதி, நீர்மட்டப் போக்கைக் கணக்கிடும்போது அந்த வரிகளை விட்டுவிடும்படி விளக்கத்தில் சொல்லியிருக்கிறேன்.