உடற்கூறு படிக்க: செயலியா, கொடை உடலா?

முதுகெலும்புக்கும் மூட்டுகளுக்கும் கையாலேயே சிகிச்சை தரும் கைரோபிராக்டிக் படிக்க சிங்கப்பூரிலிருந்து பெர்த், கோலாலம்பூர் என்று வெளியே போகும் நம் பிள்ளைகளுக்கு முதல் மலை உடற்கூறுதான்.

முப்பரிமாணச் செயலி வசதியானது. எம்ஆர்டியில் நின்றபடியே கழுத்தில் 7, மார்பில் 12, இடுப்பில் 5 என முள்ளெலும்புகளைச் சுழற்றிப் பார்க்கலாம். பெயர்களை மனப்பாடம் செய்ய அது போதும்.

இறந்தபின் படிப்புக்கென்று தானமாகத் தரப்பட்ட கொடை உடல் வேறு உலகம். செயலியில் நரம்பு மஞ்சள், தமனி சிவப்பு. மேசையிலோ இரண்டும் வெளிறிப்போய், கொழுப்புக்கும் சவ்வுக்கும் அடியில் கிடக்கும். தொட்டுத்தான் பிரித்தறியவேண்டும்: தமனி உள்ளீடற்றது, நரம்பு கெட்டியானது. சிலருக்கு இடுப்பிலிருந்து காலுக்கு இறங்கும் சையாட்டிக் நரம்பின் ஒரு கிளை, பிட்டத்தின் உள்ளே இருக்கும் பிரிஃபார்மிஸ் தசையைத் துளைத்துக்கொண்டு வரும். செயலி காட்டுவதோ பெரும்பாலும் ஒரே மாதிரி உடல். விரலை நம்பிப் பிழைக்கப்போகிறவருக்கு என் வாக்கு கொடை உடலுக்கே, அதைக் கெடாமல் வைக்கும் ஃபார்மலின் நாற்றம் சட்டையோடு வீடு வந்தாலும்.

சேருமுன் கேளுங்கள்: மாணவரே அறுக்கலாமா, அறுத்துவைத்ததைப் பார்க்க மட்டும்தானா?