நிலம் மாறவேண்டுமா? ரிம்வேர்ல்ட் மொட்டா, டிம்பர்போர்னா?

குடியிருப்பு கட்டும் கேம்களில் முக்கால்வாசிக்கு ஒரு குறை உண்டு. முதல் நாள் பார்த்த நிலம்தான் கடைசி வரைக்கும். ஆறு அங்கேயே, மலை அங்கேயே, சுற்றிவரச் சுவரை எழுப்பிவிட்டால் அப்புறம் பயமே இல்லை. மாரியில் முட்டிக்கொண்டு நிற்கும் குளத்துக்குள்ளேயே ஆடியில் மாடு மேய்வதைப் பார்த்து வளர்ந்த வன்னிப் பிள்ளைகளுக்கு இது சப்பென்றுதான் இருக்கும்.

வேற்றுக்கிரகத்தில் ஆட்களை வைத்துக் குடியிருப்பு நடத்தும் ரிம்வேர்ல்ட் கேமில் இதற்கு 'வாட்டர் ஃபிரீசஸ்' என்றொரு மொட், அதாவது விளையாடுகிறவர்களே செய்து கேமோடு சேர்க்கும் மாற்றம், இருக்கிறது. குளிர் கூடினால் ஆறும் குளமும் உறையும், வெயில் வந்தால் உருகும், அவ்வளவுதான். ஆனால் மொட் போடாத ரிம்வேர்ல்டில் ஆழத் தண்ணீரை ஒருவரும் கடக்க முடியாது என்பதால், ஆற்றைப் பின்பக்கம் விட்டு முன்பக்கம் மட்டும் காவல் போட்டுப் பழகியவர்கள் அதிகம். மொட்டைப் போட்டதும் அந்தப் பின்பக்கம் பனிக்காலத்தில் கொள்ளைக்காரருக்குத் தெருவாகிவிடும்! கேமில் ஆண்டுக்கு 60 நாள், 15 நாளுக்கு ஒரு பருவம். ஆகவே ஆயத்தப்பட நேரம் கிடைக்கும். ஒரு சிக்கல், நம்மூர் வெக்கைதான் பிடிக்கும் என்று வெப்பமண்டலக் காட்டில் இறங்கினால் தண்ணீர் உறையவே உறையாது, மொட் இருப்பதே தெரியாது.

'அகெய்ன்ஸ்ட் த ஸ்டோர்ம்' என்ற இன்னொரு ஊர் கட்டும் கேம் பற்றியும் கேட்பார்கள். அதில் ஒவ்வொரு சுற்று முடிவிலும் புயல் வந்து கட்டிய ஊர்களையெல்லாம் துடைத்துவிடும். நல்ல கேம், ஆனால் நிலத்தோடு ஒட்டுவதற்கு நேரமே தராது.

டிம்பர்போர்னுக்கு மொட்டே தேவையில்லை. போலந்தின் மெக்கானிஸ்ட்ரி நிறுவனம் 2021 இல் முதலில் வெளியிட்ட இந்தக் கேமில் மனிதர் இல்லை, மரத்தைக் கடித்து அணை கட்டும் பீவர் என்ற விலங்குகள்தான். வறட்சி வந்தால் ஊற்று நிற்கும், ஆறு வற்றும், பச்சைக் கரை மஞ்சளாகிப் பயிர் காயும். போகப் போக வறட்சி நீண்டுகொண்டே போகும். தாழ்வாகக் கட்டிய அணைக்கு மேலால் தண்ணீர் வழிவது அப்படியே வான் பாய்வதுதான், கதவு வைத்தால் உயரத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். 2018 டிசம்பர் வெள்ளத்தில் இரணைமடுக் குளத்து வான்கதவுச் செய்திக்குக் காது கொடுத்திருந்த கிளிநொச்சிக்காரருக்கு இதை யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. கேமில் நச்சுத் தண்ணீர் வரும் பருவமும் உண்டு. வறட்சிக்காகத் தேக்கு தேக்கென்று தேக்கி வைத்த குளத்துக்குள் அதுவும் போய்ச் சேர்ந்தால் பயிரும் போச்சு, பீவருக்கும் நோய். எனவே குளத்தைச் சுற்றிக்கொண்டு போக ஒரு மாற்று வாய்க்கால் முதலே வெட்டவேண்டும். மண் இடைஞ்சல் என்றால் வெடி வைத்துப் பள்ளமாக்கலாம். நிலம் உங்களை மாற்றுகிறது, நீங்களும் நிலத்தை மாற்றுகிறீர்கள், மொட்டில் இல்லாதது இதுதான்.

என் தெரிவு டிம்பர்போர்ன். ஆனால் பீவர்களுக்குள் சண்டை, காதல், பைத்தியம் ஒன்றும் கிடையாது, கொள்ளைக்காரரும் வரமாட்டார்கள்; ஆட்களின் கதைக்காக விளையாடுகிறவர்கள் ரிம்வேர்ல்டை விட்டு வரவேண்டாம். பழைய லேப்டொப் என்றால் டிம்பர்போர்னில் சின்ன வரைபடமாகப் பார்த்து எடுங்கள், பெரிய வரைபடத்தில் தண்ணீர்க் கணக்கே மிசினை இழுத்துவிடும்.