சுருள்தாடிக்கு ஒற்றைப் பிளேடு போதும்: ஜில்லெட் கார்டு ரேசரும் சவரப் பருக்களும்

சவரம் செய்த மறுநாளோ அதற்கடுத்த நாளோ கழுத்திலும் தாடைக்குக் கீழும் சிறு சிறு பருக்கள் எழும்பி, அரித்து, ஆறிய பிறகும் கருமையை விட்டுச்செல்லும் தொல்லை உள்ளவர்கள் கடையில் ரேசர் வாங்கும்போது பெரும்பாலும் விலை கூடிய பக்கமே கையை நீட்டுகிறார்கள். மூன்று பிளேடு, ஐந்து பிளேடு என்று எண்ணிக்கை ஏற ஏறத் தோலுக்கு இதமும் ஏறும் என்று நம்புவது இயல்புதான். விளம்பரங்களும் அப்படித்தான் சொல்கின்றன. எனக்குத் தாடிமுடி சுருண்டு வளர்வது, வேலையோ மழித்த முகத்தோடு போக வேண்டிய வேலை. ஜில்லெட் கார்டு என்ற ஒற்றைப் பிளேடு ரேசரைப் பல மாதங்கள் விடாமல் பயன்படுத்திய பிறகே இதை எழுதுகிறேன். இவ்வகைத் தோல் உள்ளவர்கள், பெட்டிக்கடையில்கூடக் கிடைக்கும் ரேசர்களுள் முதலில் முயன்று பார்க்க வேண்டியது இதுதான் என்பது என் முடிவு.

அதற்கான காரணம் ரேசரைவிட முடியின் போக்கில்தான் இருக்கிறது. சவரம் முடிந்த சில நிமிடங்களில் தோன்றும் சிவப்பும் எரிச்சலும் வேறு. அது மேல்தோல் உராய்ந்ததால் வருவது, ஓரிரு நாளில் தானே அடங்கிவிடும். நான் சொல்லும் பருக்கள் முடி மீண்டும் வளரத் தொடங்கும்போது வருபவை. மருத்துவர்கள் இதைச் சூடோஃபாலிகுலைட்டிஸ் பார்பே என்கிறார்கள். மழிக்கும்போது சாய்வாக வெட்டுப்பட்ட முடியின் நுனி கூராகிவிடுகிறது. நேர்முடியாக இருந்தால் அது வந்த வழியே வெளியே வளர்ந்துவிடும். சுருள்முடியோ வெளியே வந்து வளைந்து, பக்கத்துத் தோலுக்குள்ளேயே மறுபடி குத்தி இறங்கும். இல்லையென்றால் வெளியே வருவதற்கு முன்பே மயிர்க்காலின் சுவரை உள்ளிருந்தே துளைத்துக்கொண்டு போகும். உள்ளே போன முடியை உடல் ஒரு முள்ளைப் போல அந்நியப் பொருளாகப் பார்த்து எதிர்க்கிறது. அந்த எதிர்ப்புதான் பரு. ஆகவே இது முகப்பரு அல்ல, அழுக்கால் வருவதும் அல்ல, முகத்தைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவுவதால் போவதும் அல்ல. ஆப்பிரிக்க வழியினரிடையே மிகுதியாகக் காணப்பட்டாலும், சுருண்ட தாடி உள்ள யாருக்கும் இது வரலாம். கருநிறத் தோலில் அழற்சி தணிந்த இடமெல்லாம் நிறமி படிந்துவிடுவதால், பரு போன பின்னும் கழுத்து கறுத்தே இருப்பது நம்மில் பலருக்கு உண்மையான மனக்கவலை.

இரண்டாவது வகைத் துளைப்பு, அதாவது முடி வெளியே வராமலே மயிர்க்காலின் சுவரைத் துளைப்பது, ஏன் நேர்கிறது என்று பார்த்தால் பல பிளேடு ரேசரின் பிரச்சினை புலப்படும். முதல் பிளேடு முடியைப் பற்றிச் சற்றே மேலே இழுக்கிறது. அது உள்ளே திரும்புவதற்குள் அடுத்த பிளேடு இன்னும் கீழே வெட்டுகிறது. வெட்டுப்பட்ட முடி தோல்மட்டத்திற்குக் கீழே போய் ஒளிந்துகொள்கிறது. தடவிப் பார்த்தால் வழவழவென்றிருப்பது இதனால்தான்; சுருள்முடிக்காரருக்கு இரண்டு நாள் கழித்துப் பரு வருவதும் இதனால்தான். 1971இல் வந்த இரட்டைப் பிளேடு முதல், 1998இன் மூன்று பிளேடு, 2006இன் ஐந்து பிளேடு வரை இந்தத் தொழில் ஓடியதெல்லாம் அந்த வழவழப்பை நோக்கித்தான். நேர்முடி உள்ளவருக்கு அது நன்மை. நமக்கு வேண்டியது தோல்மட்டத்தோடு நின்றுவிடும் வெட்டு.

ஜில்லெட் கார்டு அந்த நோக்கத்தில் உருவானதல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2002இல் இந்தியாவுக்கென அந்நிறுவனம் கொண்டுவந்த வெக்டர் ரேசரை, அமெரிக்காவில் படித்துக்கொண்டிருந்த இந்திய மாணவர்களிடம் கொடுத்துத்தான் சோதித்தார்கள். அங்கே குழாயில் தண்ணீர் ஓடியது; இங்கே பலரும் ஒரு குவளைத் தண்ணீரை வைத்துக்கொண்டு சவரம் செய்கிறார்கள் என்பது அந்தச் சோதனையில் தெரியாமல் போனது. பிறகு இந்தியாவுக்கே வந்து வீடுகளில் உட்கார்ந்து பார்த்தார்கள். அதன் பயனாக 2010இல் கார்டு வெளிவந்தது: ஒரே பிளேடு, அதற்கு முன்னால் தோலைச் சமப்படுத்தும் சீப்புப் பல் போன்ற தடுப்பு, முடி அடைக்காமல் குவளையில் அலசினாலே கழுவிப்போகும் அகன்ற இடைவெளி, மாட்டித் தொங்கவிடக் கைப்பிடியின் அடியில் ஒரு துளை. வெளியானபோது ரேசர் 15 ரூபாய், பிளேடு 5 ரூபாய். விலை பின்னர் ஏறியிருந்தாலும், ஐந்து பிளேடு ரேசருக்கான ஒரு மாற்றுப் பிளேடு வாங்கும் பணத்தில் இதற்குப் பல பிளேடுகள் வாங்கலாம். செலவைக் குறைக்க எடுத்த முடிவுகள் தற்செயலாகச் சுருள்தாடிக்கும் உதவுகின்றன. பிளேடு மலிவாக இருப்பதால் மழுங்கியதை வைத்து இழுக்க வேண்டிய தேவை இல்லை. மழுங்கிய பிளேடுதான் அழுத்தத் தூண்டுகிறது, அழுத்தம்தான் தோலைப் பிதுங்கவைத்து முடியை ஆழத்தில் வெட்டவைக்கிறது.

பயன்படுத்தும்போது முதலில் உணர்வது, இது முகத்தை வழவழப்பாக்குவதில்லை என்பதே. மாலைக்குள் கன்னத்தில் சொரசொரப்பு தட்டும். அதைக் குறையாக எண்ணி, கழுத்தில் கீழிருந்து மேலாக இன்னொரு முறை இழுக்கத் தோன்றும். அந்த ஆசையை அடக்கினால் மட்டுமே இந்த ரேசர் தன் பயனைத் தரும். எனக்குக் கழுத்தின் இடப்பக்கம் முடி கீழ்நோக்கியும் வலப்பக்கம் குறுக்காகவும் வளர்கிறது. விரலால் தடவிப் பார்த்து அவரவர் முடியின் போக்கை அறிந்துகொண்டு, அதே போக்கில், தோலை மறுகையால் இழுத்துப் பிடிக்காமல், ரேசரின் சொந்த எடையோடு குட்டைக் குட்டையாக இழுத்தால், புதிய பருக்கள் எழுவது வெகுவாகக் குறைகிறது. மசகுப் பட்டை இதில் இல்லை. ஆகவே வழுக்கல் முழுவதும் நுரையிலிருந்தே வர வேண்டும். வெறும் தண்ணீர் தொட்டு அவசரமாக மழிக்கும் பழக்கம் உள்ளவர் இதை வாங்கி, பிறகு ரேசரைக் குறை சொல்வதில் பொருளில்லை.

நுரையைப் பற்றிச் சொல்லும்போது தண்ணீரைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் சென்னையின் புறநகர் முதல் பல ஊர்களில் நமக்குக் கிடைப்பது போர்வெல் நீர். சுண்ணாம்புச் சத்து மிகுந்த அந்நீரில் சோப்பு நுரைப்பதற்குப் பதிலாகத் திரிந்து, தோலில் வெண்மையாகப் படியும். அந்தப் படிவே சிலருக்கு எரிச்சலைத் தரும். ஒரு குவளை நல்ல தண்ணீரைத் தனியே எடுத்து வைத்து நுரை குழைத்தால், அதே கிரீம் வேறு கிரீமாகத் தெரிகிறது. குளித்த பின், அல்லது வெதுவெதுப்பான நீரில் நனைத்த துண்டைச் சில நிமிடம் முகத்தில் வைத்த பின் மழிப்பது நல்லது. தாடிமுடி ஊறினால் மென்மையாகி, குறைந்த விசையில் வெட்டுப்படும்.

சவரத்துக்குப் பின் நம் சலூன்களில் தேய்க்கும் படிகாரத்தின் மீது எனக்கு மதிப்பு உண்டு. பொட்டாசியமும் அலுமினியமும் கலந்த அந்தச் சல்பேட்டு உப்பு புரதத்தை உறையவைத்துச் சிறு வெட்டுகளின் ரத்தக்கசிவை நிறுத்துகிறது. ஆனால் படிகாரம் ரத்தத்தை நிறுத்தும், உள்ளே குத்திய முடியை வெளியே எடுக்காது. வறண்ட தோலை அது மேலும் இறுக்கும். வெட்டுப்பட்ட இடத்தில் மட்டும் தொட்டு, ஒரு நிமிடத்தில் கழுவிவிடுவது போதும். ஒரே படிகாரக் கல்லைக் கடையில் எல்லார் முகத்திலும் தேய்ப்பதை ஏற்கவே முடியாது. ஆல்கஹாலும் வாசனையும் நிறைந்த ஆஃப்டர்ஷேவை, எரிச்சல் உள்ளவர்கள் முற்றிலும் தவிர்க்கலாம். ‘சுள்’ளென்று எரிவது கிருமி சாவதன் அடையாளம் என்று நம்மவர்கள் நினைக்கிறார்கள்; அது தோல் காயப்பட்டதன் அடையாளம். கிளிசரின் சேர்ந்த, வாசனையற்ற சாதாரண மாய்ஸ்சரைசர் போதுமானது.

ரேசரை மாற்றுவதால் புதிய பருக்கள் குறையும். ஏற்கெனவே உள்ளவை ஆற வேறு வழி வேண்டும். நிலைமை மோசமாக இருந்தால் சில வாரங்கள் மழிப்பதையே நிறுத்துவதுதான் முதல் மருத்துவம். முடி நீண்டதும் உள்ளே சிக்கிய நுனிகள் பல தாமே விடுபடும். வெளியே வளையமாகத் தெரியும் முடியைச் சுத்தமான ஊசியால் மெல்லத் தூக்கிவிடலாம், ஆனால் பிடுங்கக் கூடாது. பிடுங்கிய முடி மீண்டும் முளைக்கும்போது உள்ளிருந்தே துளைக்கும். தோல் மருத்துவர்கள் இதற்குக் கிளைகாலிக் அமிலம், சாலிசிலிக் அமிலம், இரவில் பூசும் அடாபலீன், கிருமியும் சேர்ந்திருந்தால் பென்சாயில் பெராக்சைடு அல்லது கிளிண்டமைசின் என்று நிலைக்கேற்பத் தருவார்கள். இவற்றுள் சில தொடக்கத்தில் தோலை உலர்த்தும் என்பதால், மழித்த உடனே பூசுவது சரியல்ல. கருமை மங்க மாதங்கள் ஆகும். அதுவரை வெயிலுக்குச் சன்ஸ்கிரீன் பூசாமல் எந்தக் கிரீம் பூசியும் பயன் குறைவு.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். கழுத்துப் பருவைக் காட்டி மருந்துக்கடையில் ‘ஏதாவது டியூப் கொடுங்கள்’ என்று கேட்டால், பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மோமெட்டசோன் போன்ற ஸ்டீராய்டு கலந்த கிரீம் கைக்கு வந்துவிடும் நிலை நம் ஊர்களில் இன்னும் இருக்கிறது. பூசிய இரண்டாம் நாளே சிவப்பு அடங்கி, நிறமும் சற்று வெளுத்துத் தெரிவதால் மனம் மகிழும். தொடர்ந்து முகத்தில் பூசினால் தோல் மெலிந்து, ரத்த நாளங்கள் தெரியத் தொடங்கி, நிறுத்திய உடனே முன்பைவிடக் கடுமையாகச் சிவந்து எரியும்; புதிய முகப்பருவும் கிளம்பும். பூஞ்சைத் தொற்று இருந்து அதன் மேல் இதைப் பூசினால், தொற்று மறைந்து பரவும். வளைய வடிவில் அரிக்கும் திட்டு, சீழ் கோத்த கொப்புளங்கள், வலியோடு பெரிதாகும் கட்டி ஆகியவை இருந்தால், அது சவரப் பரு என்று நாமே முடிவு செய்யாமல் தோல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் தோல் பிரிவில் இதற்குப் புறநோயாளிச் சீட்டே போதும்.

சலூனில் மழித்துக்கொள்பவர்கள் புதிய பிளேடை நம் கண்ணெதிரே பிரித்து மாட்டச் சொல்ல வேண்டும். மஞ்சள் காமாலையை உண்டாக்கும் ஹெபடைடிஸ் பி, சி கிருமிகள் ரத்தம் பட்ட பிளேடு வழியே பரவக்கூடியவை. கூடவே, ‘எதிர்ப்பக்கம் இழுக்க வேண்டாம், ஒருமுறை போதும்’ என்று சொன்னால் பெரும்பாலான முடிதிருத்துநர்கள் மனமுவந்து கேட்டுக்கொள்கிறார்கள்.

இத்தனைக்கும் பிறகும் பருக்கள் விடாமல் வருபவர்களுக்கு ஜில்லெட் கார்டோ வேறு எந்தப் பிளேடோ ஏற்றதல்ல. அவர்கள் ஒரு மில்லிமீட்டர் அளவு முடியை விட்டுவைக்கும் மின் டிரிம்மருக்கு மாறலாம். முடி தோல்மட்டத்திற்கு மேலேயே நிற்பதால் உள்ளே குத்த வாய்ப்பு மிகக் குறைவு, பார்ப்பதற்கும் சீராகவே இருக்கும். நிரந்தரத் தீர்வை நாடுபவர்களுக்கு லேசர் உண்டு. கருநிறத் தோலில் மேல்தோலின் நிறமியை அதிகம் சுடாமல் ஆழத்தில் உள்ள மயிர்க்காலை அடையும் 1064 நானோமீட்டர் என்டி-யாக் லேசரே பாதுகாப்பானது. அழகு நிலையத்தில் சலுகை விலை என்றதும் உட்கார்ந்துவிடாமல், எந்த வகை லேசர், இயக்குபவர் தோல் மருத்துவரா என்ற இரண்டையும் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே சம்மதிக்க வேண்டும்.