ஆற்றில் கரைத்த 380 டாலர்

மெல்பர்ன் பக்கம் இருக்கும் நம்மவர்களுக்கு ஒரு சேதி. 'பாலரட் அருகே ஒரு நாள் தங்கம் தேடும் பயிற்சி, கருவிகளும் சேர்த்து 380 டாலர்' என்று ஆள் சேர்ப்பவரிடம் போன மாதம் ஏமாந்தேன். தமிழர்தான். "அண்ணா, 1869இல் இதே விக்டோரியாவின் மொலியாகலில் கிடைத்த 70 கிலோவுக்கும் மேலான தங்கக் கட்டி, தரைக்கு ஓர் அங்குலம் கீழேதான் கிடந்தது" என்று ஆரம்பித்தார். அது உண்மை. அன்று முழுவதும் அவர் வாயிலிருந்து வந்த உண்மை அது ஒன்றுதான்.

ஓடை மண்ணை அரிக்க அவர் கொடுத்த பிளாஸ்டிக் தட்டில் எண்ணெய்ப் பிசுக்கு. பாத்திரம் துலக்கும் சோப்பால் கழுவாமல் நீரில் இறக்கினால் பொடித் தங்கம் மிதந்தே போய்விடும். சல்லடையும் இல்லை. கூழாங்கல்லோடு மண்ணை அள்ளிச் சுழற்றச் சொன்னார். அரிசியில் கல் அரித்துப் பழகிய எந்தப் பாட்டியும் சிரித்திருப்பார். முதலில் பெரிய கல்லைச் சலித்து எறிய வேண்டும். பிறகு தட்டை நீருக்குள் வைத்தே நன்றாகக் குலுக்க வேண்டும். மணலின் அடர்த்தி கன செ.மீ.க்கு 2.65 கிராம், தங்கத்தினுடையது 19.3, குலுக்கக் குலுக்கத் தங்கம் அடியில் போய் உட்காரும். அதன் பின்தான் சாய்த்து மேல்மணலை வழியவிடுவது. நாங்கள் சுழற்றிய சுழற்றலில் தங்கம் இருந்திருந்தாலும் ஓடையோடு போயிருக்கும்.

மாலையில் அவர் தட்டில் மட்டும் 'தங்கம்' வந்தது! ஆளுக்கொரு சின்னக் குப்பியில் போட்டுக் கொடுத்தார். வெயிலில் பளபளத்தது, நிழலில் மங்கியது. தங்கம் நிழலிலும் அதே மஞ்சள்தான். வீட்டில் ஊசியால் குத்தினேன்; நசுங்காமல் ஏடு ஏடாகப் பிரிந்தது. காக்காய்ப்பொன்!

பணத்தைவிட இதுதான் எரிச்சல்: விக்டோரியாவில் தங்கம் தேட 'மைனர்ஸ் ரைட்' என்ற அனுமதிச் சீட்டு வேண்டும். பத்தாண்டு செல்லும், கட்டணம் அவர் வாங்கியதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. சீட்டு இருந்தாலும் கைக்கருவிகள்தான், எல்லா ஓடையிலும் இறங்க முடியாது, தோண்டிய குழியை மூட வேண்டும். எங்கள் ஒன்பது பேரில் ஒருவரிடமும் சீட்டு இல்லை. எதிர்க்கரையில் அரித்துக்கொண்டிருந்த முதியவர் விசாரித்தபோதுதான் விவரமே தெரிந்தது. நம் ஆள் அதற்குள் வேனில் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். "தங்கம் கிடைக்கும் என்று நான் எழுதிக் கொடுத்தேனா அண்ணா?" என்கிறார். அடுத்த சனிக்கிழமைக்கும் ஆள் சேர்க்கிறார், அதே ஓடைக்கு. போவதாக இருந்தால் முதலில் அவருடைய சீட்டைக் காட்டச் சொல்லுங்கள்.