பழைய மினிவேன்: ஏழு பேரை ஏற்றிப் பார்த்த பிறகே விலை பேசுங்கள்

1,40,000 கிலோமீட்டர் ஓடியிருந்த ஏழு இருக்கை மினிவேன் ஒன்றை வாங்கி, மூன்று ஆண்டுகளாகக் குடும்பத்துடன் ஓட்டி வருகிறேன். இடவசதியிலும் உட்காரும் சுகத்திலும் இதற்கு ஈடான வண்டி இல்லை என்றே இன்றும் சொல்வேன். ஆனால் வாங்கிய நாளில் இன்ஜின் சத்தத்தைக் கேட்டே திருப்தியடைந்துவிட்டேன். பின்னாளில் என் பணத்தைக் கரைத்த இடங்களில் ஒன்றைக்கூட உருப்படியாகப் பார்க்கவில்லை. விற்றவரும் நானும் மட்டும் ஏறிச் சென்ற சோதனை ஓட்டத்தில் வழுக்கிக்கொண்டு போன வண்டி, ஏழு பேரும் மூட்டை முடிச்சுகளும் ஏறிய முதல் பயணத்தில்தான் தன் வயதைக் காட்டியது.

முதலில் பார்க்க வேண்டியது ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். பெரும்பாலான மினிவேன்கள் முன்சக்கரங்களால் இழுக்கப்படும் கார்களின் அமைப்பையே அடிப்படையாகக் கொண்டவை என்பதால், காருக்குப் போதுமான கியர்பாக்ஸ் இங்கே கூடுதல் எடையைச் சுமந்து, கூடுதலாகச் சூடாகிறது. 2004-இல் ஹோண்டா நிறுவனம் ஒடிஸி மினிவேன் உள்ளிட்ட சுமார் 11 லட்சம் வண்டிகளைப் பழுது நீக்கித் தருவதற்காகத் திரும்ப அழைத்ததற்கும் இத்தகைய வெப்பமே காரணம்: இரண்டாவது கியருக்குப் போதிய ஆயில் சென்று சேராததால் பற்கள் சூடேறி உடையும் அபாயம் இருந்தது. வண்டியை முழுவதும் ஆறிய நிலையில் ஸ்டார்ட் செய்து, பிரேக்கை மிதித்தபடி ரிவர்ஸுக்கும் டிரைவுக்கும் மாற்றிப் பாருங்கள். கியர் விழுவதற்கு ஓரிரு நொடி தயங்கினாலும் விழும்போது 'தொம்' என்று இடித்தாலும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். இடிப்புக்கு, இன்ஜினைத் தாங்கிப் பிடிக்கும் ரப்பர் தாங்கியான இன்ஜின் மவுண்ட் தேய்ந்திருப்பதும் காரணமாகலாம். தயக்கத்துக்கு மவுண்டைக் குறை சொல்ல முடியாது. பிறகு அரை மணி நேரமாவது ஓட்டிச் சூடாக்கி, ஆக்ஸிலரேட்டரை லேசாக மட்டும் மிதித்துச் சீரான வேகத்தில் செல்லும்போது, கரடுமுரடான சாலையில் போவது போன்ற அதிர்வு வருகிறதா என்று கவனியுங்கள். கியர் ஆயிலைத் தொட்டுப் பார்க்க வழியிருந்தால் பாருங்கள். கருத்துப்போய்த் தீய்ந்த வாடை அடித்தால் வண்டியைப் பற்றி மறுபடி யோசிக்கலாம். ரோஸ்மில்க் போலக் கலங்கியிருந்தால் ரேடியேட்டருக்குள்ளிருந்து, இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் கலந்திருக்கிறது என்று பொருள், அந்த வண்டியை யோசிக்காமல் விட்டுவிடலாம். 'ஆயுளுக்கும் மாற்ற வேண்டாத ஆயில்' என்று விற்பவர் சொன்னால், யாருடைய ஆயுளுக்கு என்று கேட்கத் தோன்றும்.

அடுத்தது, மினிவேனின் பெருமையும் தலைவலியுமான நகரும் கதவுகள். பொத்தானை ஒருமுறை அழுத்திக் கதவு மூடியதும் மகிழ்ந்துவிட வேண்டாம். என் வண்டியில் இடப்பக்கக் கதவு நான்கு விரல் அகலம் பாக்கியிருக்கும்போது நின்று, ஒரு நொடி யோசித்துவிட்டு, மறுபடி திறந்துகொள்ளும். கீழ்த் தண்டவாளத்தில் பிஸ்கட் தூளும் மணலும் சேர்ந்து கெட்டித்திருந்ததைச் சுரண்டி எடுத்தபோதுதான், அதற்குப் பின்னால் உருளை தேய்ந்து சாய்ந்திருப்பதும், இழுவைக் கேபிளின் இழைகள் இரண்டு பிரிந்து நிற்பதும் தெரிந்தன. ஆகவே கதவை நகர்த்தும் மோட்டாரை அணைத்துவிட்டுக் கையால் இழுத்துப் பாருங்கள்; வண்டியைச் சரிவில் மேல்நோக்கியும் கீழ்நோக்கியும் நிறுத்தி, இரண்டு நிலையிலும் பத்து முறையாவது திறந்து மூடுங்கள். இது வெறும் வசதிக் குறை அல்ல. மோட்டார் மின்சுற்றில் சுமை மீறி ஃபியூஸ் போனால், ஓட்டத்தின்போதே கதவு திறந்துகொள்ளக்கூடும் என்ற காரணத்துக்காக, டொயோட்டா 2016-இல் 8 லட்சத்துக்கும் மேற்பட்ட சியன்னா வண்டிகளைத் திரும்ப அழைத்தது. வாங்கப்போகும் வண்டியின் சேசிஸ் எண்ணைக் கொண்டு, அதற்கு அப்படி ஏதேனும் அழைப்பு வந்ததா, வேலை முடிக்கப்பட்டதா என்று விசாரித்துவிடுவது நல்லது.

பின் இருக்கைகளுக்கான ஏ.சி.யைப் பெரும்பாலானோர் சோதிப்பதே இல்லை, நானும் சோதிக்கவில்லை. இதற்கான அலுமினியக் குழாய்கள் பல வண்டிகளில் தரைக்கு அடியில் பின்பகுதி வரை செல்வதால், சேறும் உப்பும் பட்டு அரித்துப் போகின்றன. வண்டியைத் தூக்கி நிறுத்திப் பார்க்கும்போது, குழாயில் ஓரிடத்தில் மட்டும் எண்ணெய்ப் பிசுக்குடன் தூசி அப்பியிருந்தால், வாயு அங்கேதான் கசிகிறது.

இன்ஜினைப் பொறுத்தவரை, வால்வுகளைச் சரியான நேரத்தில் இயக்குவது டைமிங் பெல்ட்டா செயினா என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். பெல்ட் என்றால், தயாரிப்பாளர் சொல்லும் கெடு பொதுவாக 1,00,000 முதல் 1,60,000 கிலோமீட்டருக்குள் வரும். மாற்றியதற்கு ரசீது இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொண்டு, வாட்டர் பம்புடன் சேர்த்து அந்தச் செலவை விலையில் கழியுங்கள். பெல்ட் அறுந்தால் பல இன்ஜின்களில் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும்.

ஷாக் அப்சார்பர், இணைப்புகளில் உள்ள ரப்பர் புஷ், வீல் பேரிங் ஆகியவற்றை, முடிந்தால் மூன்றாம் வரிசை வரை ஆள் ஏற்றியே சோதியுங்கள். பின்பக்கம் தணிந்து, வேகத்தடையில் தட்டும் ஓசை அப்போதுதான் கேட்கும். வேகம் கூடக்கூட ஓங்கும் ரீங்காரம் வந்தால், டயரையும் பேரிங்கையும் பாருங்கள். ஸ்டெப்னி வண்டியின் அடியில் கேபிளில் தொங்கும் வகையாக இருந்தால், அதை ஒருமுறை கீழே இறக்கிக் காட்டச் சொல்லுங்கள். என்னுடையது துருப்பிடித்து இறுகிப்போய், டயர் பஞ்சரான இரவில் இறங்கவே மறுத்துவிட்டது.