ரெரெரெயோடு நாலு வருஷம் குப்பை கொட்டியபின்

"அண்ணே, கிட் ரெரெரெ போடலாமா?" என்று சிங்கப்பூர் தேக்காவில் சாப்பிடும்போது ஆபீஸ் தம்பி கேட்டான். கிட் என்பது கோடில் செய்யும் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவி; ரெரெரெ அதிலுள்ள ஒரு வசதி. கேட்ட நேரம் சரியில்லை. டிஸ்க் மாற்றி லேப்டாப் திரும்பி வந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது.

பெயரைப் பார்த்தால் கீபோர்டில் விசை சிக்கிக்கொண்ட மாதிரிதான் இருக்கும். 'ரீயூஸ் ரெக்கார்டெட் ரெசல்யூஷன்' என்பதன் சுருக்கம். ஒரே வரியை இரு பக்கமும் வெவ்வேறாக மாற்றியிருந்தால், இணைக்கும்போது வரும் மோதல்தான் மெர்ஜ் கான்ஃப்ளிக்ட். அதை நீங்கள் எப்படித் தீர்த்தீர்கள் என்று குறித்து வைத்துக்கொண்டு, அதே மோதல் மறுபடி வந்தால் தானே போட்டுவிடும். முன்பெல்லாம் தெம்பனிசில் ரயில் ஏறி ரீபேஸ் (என் மாற்றங்களைப் புதிய பொதுக் கோடின் மேல் மறுபடி அடுக்குவது) ஆரம்பித்தால் பாய லேபார் வரை அதே நாலு கோப்புகளோடு மல்லுக்கட்டுவேன். இது வந்தபின் சீமெய் வருவதற்குள் முடிந்துவிடும். அந்த நன்றி எனக்கு உண்டு.

ஆனால் 2023 டிசம்பரை மறக்க முடியவில்லை. ஜிஎஸ்டி 8 விழுக்காட்டிலிருந்து ஜனவரி 1 முதல் 9. எல்லோருக்கும் பொதுவான மெயின் கிளையில் (கிளை என்பது கோடின் தனித் தடம்) அந்த எண்ணை 9 ஆக்கிவிட்டார்கள். அதே வரியை நானும் என் கிளையில் வேறு காரணத்துக்காகத் தொட்டிருந்தேன். தூக்கக் கலக்கத்தில் என் பக்கத்து 8ஐ எடுத்துவிட்டேன். டெஸ்ட் உடைந்தது. ரிஃப்ளாக் (கிட்டின் நடமாட்டப் பதிவு) பார்த்து, பழைய இடத்துக்கு ரீசெட் அடித்து, மறுபடி ரீபேஸ். மறுபடியும் 8! என் தப்பான தீர்வையே ரெரெரெ குறித்து வைத்திருந்தது. ரெரெரெயின் ஆட்டோஅப்டேட் அமைப்பை வேறு போட்டிருந்தேன். கோப்பை அதுவே ஸ்டேஜ் செய்துவிடும் (மோதல் தீர்ந்ததாகச் சேர்த்துவிடும்), நான் பார்க்காமல் கண்டினியூ தட்டிக்கொண்டே போவேன். அது இல்லாமலிருந்தால் கோப்பை நானே ஆட் கொடுத்துச் சேர்க்கும்போதாவது கண்ணில் பட்டிருக்கும்.

குறித்து வைத்த தீர்வை மறக்கடிக்க 'ரெரெரெ ஃபர்கெட்' என்று ஒரு கட்டளை இருக்கிறது. ஆனால் மோதலுக்கு நடுவில் நிற்கும்போதுதான் அது பலிக்கும். பிறகு செக்அவுட் மைனஸ் எம் போட்டு மோதல் குறிகளை வரவழைத்துக் கையால் திருத்த வேண்டும். இதைக் கண்டுபிடிக்க ஒரு மாலை போனது.

இப்போது நேர்மாறான எரிச்சல். அந்த நினைவெல்லாம் கிட் கோப்புறைக்குள் ஆர்ஆர்-கேஷ் என்ற இடத்தில், என் கணினியில் மட்டும் இருப்பது. புஷ் செய்து கோடை சர்வருக்கு அனுப்பினாலும் அது கூடப் போகாது. டிஸ்க் போனது, அதுவும் போனது. கோட் சர்வரில் பத்திரம். அங்கிருந்து புதிதாக க்ளோன் (முழுப் பிரதி) எடுத்து, பழைய மோதல்களையே மூன்று நாள் தீர்த்தேன். தொடாமல் விட்டாலும் 60 நாளில் கழித்துவிடும் என்பது இயல்பான அமைப்பு. தப்பை மட்டும் அன்றைக்கு அவ்வளவு பிடிவாதமாக வைத்திருந்ததே!

"வேண்டாம் தம்பி, போடாதே" என்றேன். என் லேப்டாப்பில் க்ளோன் முடிந்த கையோடு ரெரெரெயை இயக்கும் 'எனேபிள்ட் ட்ரூ' போட்டாகிவிட்டது. ஆட்டோஅப்டேட் மட்டும் இல்லை.