7 அடி ராடு, 4000 ரீல்: புதிதாகத் தூண்டில் பழகுகிறவர்களுக்கான செட்

ராடு (தூண்டில் கம்பு), ரீல் (நரம்பைச் சுற்றும் கருவி), நரம்பு, முள், ஈயம் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு விற்கிறார்களே, அப்படி ஒரு செட்டை வாங்கி முட்டுக்காடு முகத்துவாரத்தில் பயன்படுத்தி வருகிறேன். விலை 2,000 ரூபாய்க்குக் கொஞ்சம் மேல். ராடும் ரீலும் அந்தக் காசுக்குத் தாராளம். கூடவே தந்த நரம்பு வேண்டாம். விளக்கச் சீட்டு எதுவும் இல்லாததுதான் பெரிய குறை. ராடில் அச்சடித்திருப்பது புரியாவிட்டால் நல்ல ராடும் மோசமாகத்தான் தெரியும்.

கைப்பிடிக்கு மேலே ‘மீடியம், 10-30 கிராம்’ என்று இருக்கிறது. மீடியம் என்பது ராடின் விறைப்பு. கிராம் கணக்கு மீனின் எடை இல்லை, நாம் வீசும் லூர் (செயற்கை இரை) அல்லது ஈயத்தின் எடை. 20 கிராம் கட்டி வீசினால் ராடு நன்றாக வளைந்து தூரமாகக் கொண்டுபோய்ப் போடுகிறது. 5 கிராமுக்கு வளைவதே இல்லை, லூர் பக்கத்திலேயே விழுகிறது. 60 கிராம் ஈயத்தை வேகமாக வீசினால் நுனி முறிந்துவிடலாம்.

ரீலில் உள்ள 4000 அதன் பருமனைச் சொல்லும் எண். குளத்து ஜிலேபி மீனுக்கு 1000 போதும், இங்கே கொடுவாவுக்கு 4000 சரி.

எனக்கு ரொம்பப் பிடித்தது டிராக்தான். ரீலில் நரம்பு சுற்றியிருக்கும் உருளைதான் ஸ்பூல், அதன் தலையில் இருக்கும் திருகு அது. மீன் எவ்வளவு பலமாக இழுத்தால் நரம்பு விட்டுக்கொடுக்க வேண்டும் என்பதை அதில்தான் வைக்கிறோம். பலர் அதை முடிந்தமட்டும் இறுக்கிவிடுகிறார்கள். பெரிய மீன் ஒரு இழுப்பு இழுத்தால் நரம்பு அறுந்துபோகும். நரம்பு தாங்கும் எடையில் நாலில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குவரை வைப்பது வழக்கம். என் நரம்பு தாங்குவது 20 எல்பி (பவுண்டு), சுமார் 9 கிலோ. பெட்டி எடை பார்க்கும் கொக்கித் தராசில் நரம்பின் நுனியைக் கட்டி நேராக இழுத்தேன். இரண்டரைக் கிலோ காட்டியதும் கிர்ரென்ற சத்தத்தோடு நரம்பு சீராக ஓடியது, எங்கேயும் விக்கவில்லை. இந்த விலையில் அது பெரிய விஷயம்.

செட்டோடு வந்த மோனோ (ஒற்றை இழை) நரம்பு சுருள் சுருளாக வருகிறது. கழற்றிவிட்டு பிரெய்டு (பல இழைகளைப் பின்னிய நரம்பு) போட்டேன். அதே பலத்துக்கு அது மெலிசு, நீளாது, மீன் தொட்டாலே கையில் தெரியும். ஆனால் வழவழப்பானது, வெறும் ஸ்பூலில் சுற்றினால் வழுக்கும். அதனால் அடியில் கொஞ்சம் மோனோ சுற்றிவிட்டு அதன்மேல் சுற்ற வேண்டும். பாலத்தூண் சிப்பியில் உரசினால் சட்டென்று அறும். நுனியில் லீடர், அதாவது உரசலைத் தாங்கும் தடித்த நரம்புத் துண்டு, இரண்டு முழம் கட்டியே ஆக வேண்டும்.

முள் பாக்கெட்டில் 10, 6, 1, 2/0 எல்லாம் கலந்திருக்கின்றன. 10-லிருந்து 1 வரை எண் குறையக் குறைய முள் பெரிசு. அப்புறம் 1/0, 2/0 என்று எண் ஏற ஏறப் பெரிசு. மண்புழு கோத்து ஜிலேபி பிடிக்க 10, உயிர் இறால் கோத்துக் கொடுவாவுக்கு 2/0. நரம்பு முறுக்கிக்கொள்ளாமல் இருக்க இடையில் கட்டும் ஸ்விவல்கள் உப்புத்தண்ணீர் பட்டதுமே துருப்பிடித்தன.

வாங்கும்போது ராடும் ரீலும் மட்டும் தருவார்களா என்று கேட்டுப் பாருங்கள். சில கடைகளில் விலையைக் குறைத்துத் தருகிறார்கள். மிச்சமாகும் காசில் நல்ல பிரெய்டு கொஞ்சம் வாங்கிக்கொள்ளலாம்.